கூண்டு உண்டு, குடியிருப்பவர் இல்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில், வேதியியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சார், உங்க சப்ஜெக்டையே பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று சொன்னார்கள். இரண்டும் ஒன்றாக நடக்குமா என்று எனக்கே சந்தேகம். முயற்சி செய்து பார்க்கிறேன்.

காலையில் பழைய ஞாபகத்தில் லேபுக்குப் போனேன். அதே மேஜை, அதே சிங்க், அதே நாற்றம். ஒரு இரண்டாம் வருஷ மாணவர் டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தார். "என்னப்பா ரீடிங்?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார். "சார், எனக்கு வேற மாதிரி வருது. சீனியர் ரெக்கார்டுல இருக்குற ரீடிங்கை எழுதிடுவேன். இல்லேன்னா மார்க் போயிடும்."

நான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதே மேஜையில் அதையேதான் செய்தேன். ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. நான் பேச எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் போட்டுவிட்டு வேறு விதமாகப் பேசப்போகிறேன். விஷயம் அதேதான், ஜெர்மானியம்.

கூண்டுச் சேர்மம் என்றால் என்ன?

1811-ஆம் வருஷம் ஹம்ஃப்ரி டேவி ஒன்றைக் கவனித்தார். குளோரின் வாயுவைக் குளிர்ந்த தண்ணீரோடு சேர்த்தால் பனிக்கட்டி போல ஒரு திண்மம் படிகிறது. 1823-இல் ஃபாரடே அதில் குளோரினும் தண்ணீரும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தார். அதன் உள்கட்டமைப்பு விளங்குவதற்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தண்ணீர் மூலக்கூறுகள் கைகோத்துக் கூண்டு கட்டுகின்றன, குளோரின் உள்ளே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 1948-இல் பவல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இப்படிப்பட்ட சேர்மங்களுக்குக் 'கிளாத்ரேட்' என்று பெயர் வைத்தார். கம்பி போட்டு அடைத்தது என்று பொருள் தரும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்த பெயர். நாம் கூண்டுச் சேர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம். கடலடியில் மீத்தேன் இப்படித்தான் தண்ணீர்க் கூண்டுக்குள் கிடக்கிறது. நம் நாட்டிலேயே கிருஷ்ணா - கோதாவரி படுகையில் 2006-இல் துளையிட்டு அதை வெளியே எடுத்துப் பார்த்தார்கள்.

இப்போது தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிலிக்கானையோ ஜெர்மானியத்தையோ வையுங்கள். ஒவ்வொரு அணுவுக்கும் நாலு கை. நாலு கையும் பக்கத்து அணுக்களைப் பிடித்துக்கொண்டு அதே கூண்டைக் கட்டும். உள்ளே சோடியம், பொட்டாசியம், பேரியம் மாதிரி ஒரு உலோகம் விருந்தாளியாக இருக்கும். 1965-இல் காஸ்பர், ஹாகன்முல்லர், பௌஷார், க்ரோ ஆகிய நால்வரும் சோடியமும் சிலிக்கானும் சேர்ந்த இப்படிப்பட்ட இரண்டு சேர்மங்களை வெளியிட்டார்கள். உலோகமும் உலோகமும், அல்லது உலோகமும் ஜெர்மானியம் போன்ற பாதி உலோகமும், ஒரு கணக்கோடு சேர்ந்த சேர்மங்களின் குடும்பத்தில் இவையும் சேர்ந்துகொண்டன.

கணக்கில் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டாம் வகைக் கூண்டில் ஒரு அலகுக்குள் 16 சின்னக் கூண்டு, 8 பெரிய கூண்டு. சின்னதற்கு 20 மூலை, பெரியதற்கு 28 மூலை. ஒவ்வொரு மூலையையும் நாலு கூண்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பதினாறு இருபது 320, எட்டு இருபத்தெட்டு 224, ஆக மொத்தம் 544. நாலால் வகுத்தால் 136. அந்த அலகில் சரியாக 136 ஜெர்மானியம் அணுக்கள். எனக்கு இது இன்றைக்கும் கோலம் பார்ப்பது போல சந்தோஷம் தருகிற கணக்கு.

காலிக் கூண்டு ஏன் கஷ்டம்?

விருந்தாளி உள்ளே இருந்தால் ஒரு குணம், இல்லாவிட்டால் வேறு குணம். விருந்தாளி உள்ளே இருந்து ஆடிக்கொண்டே இருந்தால் வெப்பம் சரியாகக் கடக்காது, ஆனால் மின்சாரம் கடக்கும். வீணாகும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கப் பார்ப்பவர்களுக்கு இது பிடித்த குணம். பேரியம் போட்ட சிலிக்கான் கூண்டு மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது.

காலிக் கூண்டு கிடைத்தால் அது அதே தனிமத்தின் புது வடிவம். சாதாரண சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். சோடியத்தை ஏறக்குறைய முழுக்க விரட்டிய கூண்டுச் சிலிக்கானுக்கு அது 1.9 அளவில் இருப்பதாக 2000-இல் ஒரு குழு அளந்து சொன்னது. அதாவது அணு மாறவில்லை, அடுக்கு மட்டும் மாறியது, ஒளியோடு பழகும் விதமே மாறிவிட்டது.

சிலிக்கானில் ஏறக்குறைய காலிக் கூண்டு வந்துவிட்டது. ஜெர்மானியத்தில் மட்டும் வரவில்லை. ஏன்? கட்டட வேலை பார்த்த நண்பர்களுக்குப் புரியும். வளைவு கட்டும்போது கீழே சாரம் கொடுப்போம். விருந்தாளி அணுதான் அந்தச் சாரம். கட்டி முடிந்த பிறகு சாரத்தை உருவினால் வளைவு நிற்க வேண்டும். வழக்கமான முறையில் விருந்தாளியை விரட்டுவதற்கு வெற்றிடத்தில் சூடு ஏற்ற வேண்டும். சூடு அதிகமானால் கூண்டே இடிந்து சாதாரண ஜெர்மானியம் ஆகிவிடும்.

இதற்குத்தான் 'மெட்டாஸ்டபிள்' என்று பெயர். மலைச்சரிவில் உருண்டு வந்த ஒரு கல் பாதி வழியில் ஒரு பள்ளத்தில் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி இடம் அடிவாரம்தான். ஆனால் யாரும் பலமாகத் தள்ளாதவரை அங்கேயே இருக்கும். வைரமும் அப்படித்தான். கணக்குப்படி பார்த்தால் அது கிராஃபைட்டாக மாற வேண்டிய பொருள். மாறவில்லை, நம் வீட்டு அம்மாமார்கள் தைரியமாகக் காதில் போட்டுக்கொள்கிறார்கள். காலிக் கூண்டு ஜெர்மானியமும் இப்படிப் பாதிவழிப் பள்ளத்தில் தங்கும் பொருள். சாதாரண ஜெர்மானியத்தைவிட அதில் ஒரு அணுவுக்குச் சுமார் 14 சதவீதம் கூடுதல் இடம். அவ்வளவு விசாலமாகக் கட்டிய வீட்டை முரட்டுச் சூட்டில் கட்ட முடியாது. மெதுவாகக் கட்ட வேண்டும்.

உப்பே திரவமானால்

சமையல் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். காரணம், பாசிட்டிவும் நெகட்டிவும் சின்னச் சின்ன உருண்டைகள், நெருங்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்து அயனியைப் பெரிதாக, கோணல்மாணலாக, வால் வைத்துச் செய்துவிட்டால்? நெருங்கி அடுக்க முடியாது, குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். 1914-இல் பால் வால்டன் 12 டிகிரியில் உருகும் ஒரு உப்பைப் பற்றி எழுதினார். எத்தில் அம்மோனியம் நைட்ரேட். அறை வெப்பநிலையிலேயே தண்ணீர் போல இருக்கும் உப்பு. நூறு டிகிரிக்குக் கீழே உருகும் இப்படிப்பட்ட உப்புகளுக்கு இப்போது அயனித் திரவம் என்று பெயர்.

சாதாரணக் கரைப்பான்கள் சூடு ஏறினால் கொதித்து ஓடிவிடும். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கிறது. தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சோடியமும் ஜெர்மானியமும் சேர்ந்த சேர்மத்தில் தண்ணீர் பட்டால் பொறுக்காது. அயனித் திரவங்கள் பொதுவாக ஆவியாகி ஓடுவதில்லை, உப்புகளோடு ஒத்துப்போகும். உலையின் சூட்டுக்கும் குடுவையின் சூட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அதை இவை நிரப்பின.

2006-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் குலோய், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் யூரி கிரின் முதலானவர்களோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். காலிக் கூண்டு ஜெர்மானியம் கிடைத்துவிட்டது என்பதுதான் செய்தி. இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். ஜெர்மானியம் என்ற தனிமத்தை 1886-இல் கிளமென்ஸ் விங்க்ளர் கண்டுபிடித்தது டிரெஸ்டனுக்குப் பக்கத்து ஊரான ஃப்ரைபெர்க்கில். பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே நூற்றிருபது வருஷம் கழித்து அதற்குப் புது உருவம்.

என்ன செய்தார்கள்? பன்னிரண்டு சோடியத்துக்குப் பதினேழு ஜெர்மானியம் என்ற கணக்கில் ஒரு சேர்மம். அதற்குள் ஜெர்மானியம் தனித்தனியாக இல்லை, கூட்டம் கூட்டமாக இருக்கிறது. ஒன்பது அணுக் கூட்டம் ஒன்று, நாலு அணுக் கூட்டம் இரண்டு, ஆக 17. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாலு எதிர்மின் சுமை, மூன்று நாலு பன்னிரண்டு, அதற்கு ஈடாகப் பன்னிரண்டு சோடியம். கணக்கு சரி. எட்வர்ட் ஜின்ட்டில் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்த வகை என்பதால் இவற்றுக்கு ஜின்ட்டில் அயனிகள் என்று பெயர்.

இந்தக் கூட்டங்களிலிருந்து எலக்ட்ரானை மெதுவாகப் பிடுங்கினால், அவை ஒன்றையொன்று கைபிடித்துக் கூண்டு கட்டும். அவசரமாகப் பிடுங்கினால் ஒழுங்கில்லாத குவியல்தான் மிஞ்சும். இதற்கு அவர்கள் எடுத்த திரவம் டோடெசில் ட்ரைமெத்தில் அம்மோனியம் குளோரைடும் அலுமினியம் குளோரைடும் சேர்ந்தது. முதலாவது, தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரில் இருக்கிற உப்புகளின் சொந்தக்காரன். இரண்டாவது, ஃப்ரீடல் - கிராஃப்ட்ஸ் வினையில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தது. சூடு 300 டிகிரி. அதிக அழுத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

தயிர் ரகசியம்

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. ஹாஃப்மன் எலிமினேஷன் ஞாபகம் இருக்கிறதா? நாலு கை அம்மோனியம் உப்பைச் சுட்டால் உடைந்து ஒரு ஆல்கீனும் ஒரு அமீனும் வரும். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்த சமாசாரம். அயனித் திரவத்தைக் கரைப்பானாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இப்படி உடைவது ஒரு குறை. இந்தக் குழு அந்தக் குறையையே கருவியாக்கிக்கொண்டது. 300 டிகிரியில் அந்த அம்மோனியம் அயனி கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. உடையும்போது விடுபடும் புரோட்டான், ஜெர்மானியக் கூட்டத்திலிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரானை இழந்த கூட்டங்கள் பக்கத்துக் கூட்டத்தின் கையைப் பிடிக்கின்றன. கூண்டு வளர்கிறது. சோடியம் உப்புத் திரவத்தோடு போய்விடுகிறது.

பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் என்ன ஆகும்? திரிந்துவிடும். அதே பாலில் துளி மோரை உறை ஊற்றி, ராத்திரி மூடி வைத்தால்? காலையில் கத்தியால் வெட்டுகிற மாதிரித் தயிர். இரண்டிலும் பாலைக் கட்டவைப்பது அமிலம்தான். ஒன்றில் அமிலம் வெளியிலிருந்து ஒரே இடத்தில் வந்து விழுகிறது. இன்னொன்றில் பாலுக்கு உள்ளேயே, எல்லா இடத்திலும், மெல்ல மெல்லப் பிறக்கிறது. குலோய் குழு ஜெர்மானியத்துக்கு உறை ஊற்றியது என்று சொன்னால் தப்பில்லை.

நம் லேபிலும் இந்தப் பாடம் இருந்தது. சால்ட் அனாலிசிஸில் கிப்ஸ் அப்பரேட்டஸிலிருந்து நேராக ஹைட்ரஜன் சல்ஃபைடை விட்டவர்களுக்கு ஒரு கலங்கல் வீழ்படிவு. தயோ அசிட்டமைடு போட்டுச் சூடுபடுத்தியவர்களுக்கு வடிகட்ட வசதியான வீழ்படிவு. அதே தத்துவம்தான். நமக்கு அது நாற்றம் குறைக்கும் வழியாக மட்டும் தெரிந்தது.

விருந்தாளி வேண்டுமானால் அதையும் இந்த வழியில் வைக்கலாம். 2009-இல் இதே திரவத்தில் பொட்டாசியம் சேர்மத்தைப் போட்டு, 136 ஜெர்மானியத்துக்கு எட்டு, எட்டரை பொட்டாசியம் கொண்ட கூண்டை எடுத்தார்கள். பெரிய கூண்டுகள் எட்டில் பொட்டாசியம், சின்னக் கூண்டுகள் ஏறக்குறைய காலி. எந்த அறையில் யார் இருப்பது என்பதை வினையின் வழி தீர்மானிக்கிறது.

இதனால் நாளைக்கே வீட்டுக்கு வீடு புது ஜெர்மானியம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மானியம் விலை கூடிய சரக்கு. அலுமினியம் குளோரைடு ஈரக் காற்று பட்டாலே புகைந்து மூக்கை எரிக்கும். ஆகவே அயனித் திரவம் என்றாலே பசுமைக் கரைப்பான் என்று யாராவது மேடையில் சொன்னால், எந்தத் திரவம் என்று திருப்பிக் கேளுங்கள். இதில் நிலைத்த லாபம் வேறு. உயர்ந்த சூட்டில் செய்தால் அடிவாரத்துக் கல்தான் கிடைக்கும். நிதானமாக, கீழ்ச் சூட்டில் செய்தால் மலைப்பள்ளத்துக் கல்லும் கிடைக்கும். உலையில் கிடைக்காத பொருள்களுக்கு ஒரு கதவு திறந்தது.

நான் கொட்டிய பொடி

இனி என் கதை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1986-இல் நான் ஆராய்ச்சி மாணவன். எந்த இடம் என்பது முக்கியமில்லை. சோடியமும் ஜெர்மானியமும் சேர்ந்த சேர்மத்தை வெற்றிடத்தில் சூடாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. எப்போது போனது, எப்போது வந்தது என்று தெரியாது, நான் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் குழாயைத் திறந்தால் கறுப்புப் பொடி. எக்ஸ்ரே ஃபிலிம் எடுத்தேன். சாதாரண ஜெர்மானியத்தின் கோடுகளோடு, நடுவில் எனக்குத் தெரியாத சில கோடுகள். அழுக்கு என்று முடிவு கட்டினேன். பொடியைக் கொட்டினேன். ஃபிலிமையும் போட்டுவிட்டேன். நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? 'மின்தடை, சோதனை தோல்வி, மீண்டும் செய்யவும்' என்று ஒரே வரி.

இருபது வருஷம் கழித்து 'நேச்சர்' கட்டுரையைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கண்டுபிடித்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கோடுகள் கூண்டுடையவை என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு துண்டு ஆதாரம்கூட இல்லை. அதுதான் என் வருத்தம். அது வெறும் அழுக்காகவே இருந்திருக்கலாம். ஆனால் அழுக்கா இல்லையா என்று கேட்கிற உரிமையையே நான் அன்றைக்குக் கொட்டிவிட்டேன். கோடுகளின் இடத்தை அளந்து நாலு எண்ணை எழுதி வைத்திருந்தால் போதும், இன்றைக்கு அஞ்சு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

அந்தப் பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று யோசித்தேன். வேறெங்கும் இல்லை, இந்தக் கட்டடத்தில்தான். எதிர்பார்த்தது வரவில்லையென்றால், வந்ததை மறைத்துவிட்டு வரவேண்டியதை எழுதும் பழக்கம். மூன்று வருஷம் பழகினால் அது கையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு நோட்டு பெரிதானாலும், கருவி பெரிதானாலும், கை அதேதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு பேட்சுக்கு எத்தனை பேர், ரெக்கார்டு எத்தனை, பரீட்சை எத்தனை, எல்லாம் தெரியும். எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. முதல்வர் அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். நம் லேபில் ஒரு நீளமான ரிஜிஸ்டர் நோட்டு வையுங்கள். அதற்கு மார்க் கிடையாது, கையெழுத்து கிடையாது. ரீடிங் 'தப்பாக' வந்தவர்கள், வந்த எண்ணை அப்படியே, தேதியோடு, அன்றைக்கு என்ன நடந்தது என்பதோடு எழுதட்டும். வருஷத்தில் ஒரு நாள் வாத்தியாரும் பிள்ளைகளும் உட்கார்ந்து அதைப் படிக்கட்டும். நூறில் தொண்ணூற்றொன்பது பியூரெட் கழுவாததாலோ, இண்டிகேட்டர் கூடியதாலோ வந்ததாக இருக்கும். அதுவும் ஒரு பாடம்தானே? மீதி ஒன்றுக்காகத்தான் நான் கேட்கிறேன். முதல் நோட்டை நானே வாங்கி வந்து காலையில் அட்டெண்டர் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் 1986-ஆம் வருஷத்து என் கறுப்புப் பொடியைப் பற்றி, நினைவில் இருக்கிற அளவு, எழுதியும் வைத்திருக்கிறேன்.

காலையில் பார்த்த அந்தத் தம்பி இங்கே எங்கேயோ உட்கார்ந்திருப்பார். பேரைச் சொல்லிச் சங்கடப்படுத்தமாட்டேன். தம்பி, ரெக்கார்டில் நீங்கள் என்ன எழுதுவது என்பது உங்களுக்கும் வாத்தியாருக்கும் உள்ள விஷயம். ஆனால் உங்கள் பியூரெட் காட்டிய எண்ணை ரெண்டாவது பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள். அந்தப் பக்கம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது.

 சாப்பாடு ஆறுகிறது என்று பின்வரிசை நண்பர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். முடித்துக்கொள்கிறேன்.